சாம்பியன்ஸ் லீக் கப்பு முழுக்க வெள்ளியா? அதே மாதிரி சேலத்துல அடிக்க முடியுமா?

ஏற்காட்டுல செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடற கால்பந்து, டோர்னமெண்ட் நடத்துற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு, ஐரோப்பா க்ளப்புங்க ஆடற சாம்பியன்ஸ் லீக்ல குடுக்குறாங்களே அந்த ரெண்டு பெரிய காது வச்ச கப்பு, அது முழுக்க வெள்ளியா இல்ல மேல மட்டும் பூச்சான்னு. கூடவே, சேலத்துலதான் தெருவுக்குத் தெரு வெள்ளிப் பட்டறை இருக்கே, அதே சைஸ்ல ஒண்ணு அடிச்சு சுழற்கோப்பையா வச்சா எவ்ளோ ஆகும்னும் கேட்டிருக்காரு. ரெண்டு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா உள்ள இருக்கறது ஒண்ணுதான். அந்தக் கப்புல காசு எதுல போயிருக்கு, அதுல எதை நம்ம பட்ஜெட்டுக்கு இங்க கொண்டு வரலாம், இதத்தான் தம்பி கேக்கறாரு. அப்படியே எடுத்துக்கிட்டு சொல்றேன்.

நான் செவ்வாய்ப்பேட்டை பட்டறைக்காரன். அப்பா காலத்துலருந்து கொலுசுதான் சோறு போடுது, நடுநடுவுல கோயில் சாமான், கல்யாண வெள்ளி, ஸ்கூல் காலேஜ் கப்புல காது உடைஞ்சு வந்தா பத்த வைக்கிறது, இதெல்லாம் உண்டு. ராத்திரி ஒன்றரை மணிக்கு மேட்ச் பாக்குற கெட்ட பழக்கமும் உண்டு. ஆனா அந்தக் கப்பை நான் கையில வாங்கிப் பார்த்தவன் இல்ல, அதனால கீழ சொல்றதுல அந்தப் போட்டியை நடத்துற ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா வெளியிட்ட அளவு எது, அதை வச்சு நான் போட்ட கணக்கு எதுன்னு பிரிச்சே சொல்லிடறேன்.

முதல்ல உறுதியானது. உயரம் 73.5 செ.மீ., எடை 7.5 கிலோ, உலோகம் வெள்ளி, இது மூணும் யூஃபாவே சொல்றது. இதுலருந்து நம்ம தொழில் கணக்குக்கு வரலாம். அவ்ளோ உயரமான சாமானை சுத்த வெள்ளில அடிச்சா நிக்காது, காதைப் பிடிச்சுத் தூக்கும்போதே வளைஞ்சிரும், அதனால இந்த மாதிரி வேலைக்குப் பெரும்பாலும் நூத்துக்கு 92.5 பங்கு வெள்ளிதான், மிச்சம் 7.5 பங்கு செம்பு. அந்தக் கலவை ஒரு கன செ.மீ. பத்து கிராமுக்குக் கொஞ்சம் மேல நிக்கும், அப்ப 7.5 கிலோன்னா மொத்தமா 720 கன செ.மீ. சொச்சம் உலோகம்தான், முக்கால் லிட்டர் கூட இல்ல. படத்துல பார்த்து குத்துமதிப்பா அந்தக் கப்போட உடம்பு, கழுத்து, காது எல்லாம் சேர்த்து மேல்பரப்பை எடுத்தா 4800 சதுர செ.மீ. பக்கம் வருது, அதால வகுத்தா சராசரியா ஒன்றரை மில்லி தடிப்பு. வாய் விளிம்புலயும் அடியிலயும் தடிப்பு கூட இருக்கும், வயித்துப் பக்கம் குறைவா இருக்கும். ஆக முழுக்க வெள்ளிங்கறது சரி, உள்ளுக்குள்ள கெட்டி வெள்ளின்னு நெனச்சா தப்பு. அந்த சைஸ் கெட்டியா வார்த்திருந்தா 150 கிலோவைத் தாண்டிரும், கேப்டன் தலைக்கு மேல தூக்க கிரேன்தான் வரணும்.

எடையை வச்சு வெள்ளியை மதிக்கறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, அதையும் இங்கயே சொல்லிடறேன். யூஃபா நடத்துற இன்னொரு போட்டியான யூரோப்பா லீக்கோட கப்பு 15 கிலோ, அதாவது இதுக்கு ரெண்டு மடங்கு. ஆனா அதுக்குக் காதே கிடையாது, அடியில மஞ்சள் மார்பிள் பீடம் இருக்கு, எடைல ஒரு பங்கு கல்லுல போயிருது. அதை வடிவமைச்சவரு சில்வியோ கஸானிகா, இப்ப இருக்கற உலகக் கோப்பையைப் பண்ண அதே இத்தாலிக்காரரு. அதனால யாராவது உங்ககிட்ட வெயிட்டைக் காட்டி கப்பு விக்க வந்தா, முதல்ல அடிப்பீடத்தைக் கழட்டித் தனியா எடை போடச் சொல்லுங்க.

சரி, காசு எதுல போச்சுங்கறதுக்கு வரேன். சாம்பியன்ஸ் லீக் போட்டி 1955-56ல ஆரம்பிச்சப்ப இருந்தது வேற கப்பு, லெகிப்ங்கற பிரெஞ்சு பத்திரிகை குடுத்தது. முதல் அஞ்சு வருஷமும் ரியல் மாட்ரிட்டே ஜெயிச்சு, 1966ல ஆறாவதையும் தூக்கினதும், 1967 மார்ச்ல அந்தக் கப்பை அவங்களுக்கே சொந்தமா குடுத்துட்டாங்க. உடனே புதுசு வேணும். யூஃபா ஜெனரல் செகரட்டரி ஹான்ஸ் பாங்கெர்ட்டர், சுவிட்சர்லாந்து பெர்ன் ஊர்ல நகைப் பட்டறை வச்சிருந்த யூர்க் ஸ்டாடெல்மான்கிட்ட வேலையைக் குடுத்தாரு. ஸ்டாடெல்மானும் அவரோட அப்பாவும் பாங்கெர்ட்டர் ஆபீஸ் தரை முழுக்க வரைபடங்களைப் பரப்பி வைக்க, பாங்கெர்ட்டர் இந்த அடிப்பாகம் பல்கேரியாக்காரங்களுக்குப் பிடிக்கும், இது ஸ்பெயின்காரங்களுக்கு, இது இத்தாலிக்கு, இது ஜெர்மனிக்குன்னு சொல்லச் சொல்ல, துண்டு துண்டா எடுத்து ஒட்டித்தான் அந்த உருவம் வந்துச்சுன்னு ஸ்டாடெல்மானே பின்னாடி சொல்லிருக்காரு. பெரிய கலைப்படைப்புன்னு அவரு பீத்திக்கவும் இல்ல. எனக்கு அவரைப் பிடிச்சது அதுலதான், கஸ்டமர் பத்து பேர் பத்து டிசைன் காட்டுனா பட்டறைக்காரன் பண்றது அதே வேலைதானுங்க.

அந்த வேலைக்கு ஆன நேரம் 340 மணி, கூலி பொருள் எல்லாம் சேர்த்து 10,000 சுவிஸ் ஃப்ராங்க். 340 மணி நேரம்னா ஒரு ஆள் தினம் எட்டு மணி நேரம் உக்காந்து ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு விட்டா ஏழு வாரம். அவருக்கு அப்பதான் கல்யாணம், தேனிலவுக்குக் கப்பல் ஏறணும்னு அவசரம் வேற, அதனால அவரு கப்பை முடிச்சுக் குடுத்துட்டுப் போக, எழுத்து வெட்டுற வேலையை ஃப்ரெட் பேனிங்கர்ங்கற இன்னொருத்தர் பண்ணாரு. அந்தப் புது கப்பை முதல்ல தூக்குனது அதே 1967ல லிஸ்பன் ஃபைனல்ல ஜெயிச்ச செல்டிக்.

340 மணி நேரம் எதுக்குன்னு தொழில் தெரியாதவங்களுக்குப் புரியாது. தகட்டை வட்டமா வெட்டி, பட்டறைக் கம்பி மேல வச்சு, சுத்தியலால சுத்திச் சுத்தித் தட்டி எழுப்பணும். வெள்ளி தட்டத் தட்ட இறுகும், இறுகுனதை மேலயும் தட்டுனா வெடிப்பு விடும், அதனால ஒவ்வொரு சுத்துக்கும் பழுக்கக் காய்ச்சி ஆற விட்டு, ஆசிட்ல போட்டு வெளுத்து, திரும்ப முதல்லருந்து. இல்லன்னா மரத்துல அச்சு கடைஞ்சு ஸ்பின்னிங் லேத்துல தகட்டை அழுத்தி இறக்கலாம், அது வேகம், ஆனா ஒரே ஒரு கப்புக்கு அச்சு கடையற செலவு தலையில ஏறும். எந்த வழியில போனாலும் அடி, கழுத்து, வயிறு, வாய்னு தனித்தனியா பண்ணித்தான் பத்த வைக்கணும். முதல் ஜாயிண்ட்டுக்கு அதிக சூட்டுல உருகற பொடி (ரெண்டு துண்டுக்கு நடுவுல உருகி ஒட்ட வைக்கற உலோகக் கலவை), அடுத்ததுக்கு அதை விடக் கம்மி சூட்டுல உருகறது, இப்படி இறங்கு வரிசைல போனாத்தான் ரெண்டாவதைப் பத்த வைக்கும்போது முதல்ல வச்சது கழண்டு விழாது. கொலுசுல சலங்கை வைக்கறவனுக்கு இது அத்துப்படி, ஆனா கொலுசுல சூடு நெல்லு அளவு இடத்துக்கு, இங்க மொத்த உடம்பையும் சமமா சூடேத்தணும், இல்லன்னா பொடி ஓடாது. வெள்ளி சூட்டைப் பிடிச்சு நிறுத்தாது, ஒரு பக்கம் குடுத்தா மறுபக்கம் போயிரும்.

காதுதான் இருக்கறதுலயே வில்லங்கம். அவ்ளோ பெரிய காது கெட்டிக் கம்பியா இருந்தா எடை அதுலயே தீந்துரும், அதனால குழாயா இருக்கணும்னு நான் நெனக்கறேன், இது என் யூகம்தான். குழாயை உள்ள எதுவும் அடைக்காம வளைச்சா மடிப்பு விழும், உள்ள அரக்கோ நயமான மணலோ அடைச்சு வளைச்சு, அப்பறம் அதை எடுத்துரணும். கப்போட ஒட்டும்போது எங்கயாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன ஓட்டை விடணும், உள்ள அடைஞ்ச காத்து சூட்டுல விரிஞ்சு வெடிச்சா பட்டறைல கண்ணு போயிரும். இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், கப்பை எல்லாரும் தூக்கறதே காதைப் பிடிச்சுத்தான். மொத்த எடையும் நாலு ஜாயிண்ட்ல தொங்குது. ரிப்பேருக்கு வர்ற கப்புல பத்துக்கு எட்டு காதுதான், மிச்சம் மூடி.

அடி வாங்குனா என்ன ஆகும்னு கேட்டா, ஒன்றரை மில்லி வெள்ளி சொட்டை விழும், ஆனா உடையாது, உள்ளருந்து தட்டி எடுத்துரலாம். 2011ல செர்ஜியோ ராமோஸ் ஸ்பெயின் கோபா டெல் ரே கப்பை பஸ் மேலருந்து நழுவ விட்டு அது சக்கரத்துக்கடியிலயே போனது எல்லாரும் பார்த்ததுதான், அது உள்ளூர் கப்பு, நம்ம கேள்விக்கு சம்பந்தமில்ல, ஆனா வெள்ளி எவ்ளோ இளகுனதுன்னு காட்டும். ஐரோப்பியக் கப்புக்கும் கஷ்டகாலம் வந்துருக்கு, 1982ல ஆஸ்டன் வில்லா ஜெயிச்சப்ப ரெண்டு ப்ளேயருங்க கப்பை ஒரு பப்புக்குக் கொண்டு போக, அங்கருந்து அது காணாமப் போயி, கடைசில ஷெஃபீல்ட் போலீஸ் ஸ்டேஷன்ல வந்து சேர்ந்துச்சு. உங்க டோர்னமெண்டுக்கு இது ரொம்பத் தேவையான விஷயம், ஏன்னா சுழற்கோப்பைங்கறது ஒரு வருஷம் பூரா உங்க கண்ணுக்கு எட்டாத இடத்துல இருக்கும்.

யூஃபாவே இதை எப்படிச் சமாளிக்குதுன்னு பாருங்க. 1968-69லருந்து ஒரு விதி இருந்துச்சு, மொத்தம் அஞ்சு தடவையோ தொடர்ந்து மூணு தடவையோ ஜெயிச்சா கப்பு உனக்கே. அதுல அயாக்ஸ் 1973ல, பயர்ன் 1976ல, மிலான் 1994ல, லிவர்பூல் 2005ல ஆளுக்கு ஒண்ணை வீட்டுக்குக் கொண்டு போனாங்க, ஒவ்வொரு தடவையும் யூஃபா அதே டிசைன்ல புதுசு அடிக்க வேண்டியதாச்சு. 2009லருந்து அந்தக் கதையே இல்ல, ஒரிஜினல் எப்பவும் யூஃபாகிட்ட, ஜெயிச்ச டீமுக்கு அதே சைஸ்ல ஒரு நகல், அதுல அந்த க்ளப் பேர் வெட்டித் தருவாங்க. க்ளப்பு தானா நகல் பண்ணிக்கணும்னா அது ஒரிஜினல்ல அஞ்சுல நாலு பங்கு சைஸைத் தாண்டக் கூடாது, நகல்னு தெளிவா தெரியணும். ஜெயிச்ச க்ளப்புக்கே இவ்ளோ கட்டுப்பாடு இருக்கறப்ப, அவங்க கப்பு மேல இருக்கற பிரெஞ்சு வாசகத்தை உங்க கப்புல வெட்டறது, அந்த நட்சத்திரப் பந்து லோகோ, இதெல்லாம் அப்படியே போடாதீங்க. பெரிய காது வச்ச ஜாடி மாதிரி கப்பு பண்றதுல பெருசா சிக்கல் வராதுன்னு நான் நெனக்கறேன், அவங்க பேரையும் அடையாளத்தையும் ஒட்டுனா வம்பு.

இப்ப உங்க கப்பு. முழு சைஸ் வேணாம், 50 செ.மீ. போதும், அதுவே டேபிள் மேல வச்சா நல்லா எடுப்பா இருக்கும். அதே தடிப்புல 50 செ.மீ.க்கு அடிச்சா சுமார் 3.45 கிலோ வரும், மேல்பரப்பு பாதிக்கும் கீழ இறங்கிருதுல்ல. அதுல சுத்த வெள்ளி 3.2 கிலோ. அன்னிக்கு வெள்ளி கிலோ என்ன ரேட்டோ அதை 3.2ஆல பெருக்கிக்கங்க, அதுக்கு மேல கூலி, சேதாரம், 3 பர்சென்ட் ஜிஎஸ்டி. வெள்ளி ரேட்டு காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ஆடறதால ரூபாய் நான் சொல்லல. ஆனா ஒரு ஊர் டோர்னமெண்ட் அந்தக் காசை கப்புல போட்டுட்டு க்ரவுண்டுக்கு நெட்டு வாங்க காசில்லாம நிக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன், இது என் அபிப்பிராயம். அதே 50 செ.மீ. கப்பைப் பித்தளைல அடிச்சு மேல வெள்ளி ப்ளேட்டிங் பண்ணா, 10 மைக்ரான் தடிப்புக்கு வெளிப்பக்கம் மட்டும் 20லருந்து 25 கிராம் வெள்ளிதான் ஏறும். ஒரு நல்ல கொலுசு ஜோடி எடை கூட வராது. பார்வைக்கு வித்தியாசம் நானே கிட்டப் போயிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்.

யார்கிட்ட குடுக்கறதுங்கறது முக்கியம். சேலம்னா வெள்ளி, உண்மைதான், ஆனா சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டி பக்கம் இருக்கற பட்டறைல முக்காவாசி கொலுசு, அதுலயும் ஒருத்தர் கம்பி இழுப்பாரு, ஒருத்தர் சலங்கை, ஒருத்தர் பத்த வைப்பாரு, ஒருத்தர் பாலிஷ், இப்படி வேலை பிரிஞ்சு கிடக்கு. கப்பு அடிக்கறது அவங்க கை இல்ல. சாமி கவசம், திருவாச்சி, பூஜைச் சாமான் தகட்டுல அடிக்கறவங்களைத் தேடணும், அவங்களுக்குத்தான் பெரிய தகட்டைச் சூடேத்தத் தெரியும். பித்தளைன்னா உடம்பை ஸ்பின்னிங் லேத்துக்காரங்ககிட்ட இறக்கிட்டு, காதையும் ஜாயிண்ட்டையும் மட்டும் கவசக்காரர்கிட்ட குடுங்க. வெள்ளிலயே பண்றதுன்னு முடிவெடுத்தா 92.5ன்னு பில்லுல எழுதி வாங்குங்க, ஹால்மார்க்குல 925ன்னு முத்திரை இருக்கும், வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லங்கறதால நீங்க கேட்டாத்தான் நடக்கும். கொலுசு வியாபாரத்துல 60 டச், 70 டச் (டச்னா நூத்துக்கு எத்தனை பங்கு வெள்ளிங்கற கணக்கு) எல்லாம் சகஜம், அது ஏமாத்து இல்ல, அந்த விலைக்கு அந்த சரக்கு, ஆனா அதே டச்சுல கப்பு பண்ணிட்டு 92.5 காசு குடுத்துடக் கூடாது.

ஏற்காடுங்கறதால இன்னொண்ணு. வெள்ளி கருக்கறது காத்துல இருக்கற கந்தகத்தால, ஈரம் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். மலை மேல 1500 மீட்டர்ல அடிக்கடி பனிமூட்டம் ஜன்னல் வழியா உள்ள வருது, கப்பைத் திறந்த ஷெல்ஃப்ல வச்சா அடுத்த டோர்னமெண்டுக்குள்ள கப்பு மங்கிப் போயிரும். காத்துப் புகாத கவர்ல, காட்டன் துணி சுத்தி வைங்க, ரப்பர் பேண்டு போடவே போடாதீங்க, ரப்பர்ல கந்தகம் இருக்கு, சுத்துன இடத்துல கோடு விழும். அலமாரில சாக்பீஸ் போடறது ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும், அதுக்கு மேல எதிர்பார்க்க வேணாம். பூந்திக்கொட்டைத் தண்ணில கழுவித் துடைச்சாலே போதும், ப்ளேட்டிங் கப்பை பவுடர் போட்டுத் தேய்க்காதீங்க, நாலு வருஷத்துல காதுல கை படற இடத்துல பித்தளை பல்லு காட்டும். ப்ளேட்டிங் பண்றவர்கிட்டயே மேல லாக்கர் கோட்டிங், அதாவது கண்ணாடி மாதிரி தெளிவான வார்னிஷ் பூச்சு, கேளுங்க.

கடைசியா, நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா எனக்கு இதுதான் பெருசா படுது. ஐரோப்பாக் கப்புல ஜெயிச்சவங்க பேரு கப்பு மேலயே வெட்டுறாங்க, முன்னாடி போட்டி பேரு, பின்னாடி டீம் பேரு. ப்ளேட்டிங் கப்புல வெட்டுனா பித்தளை வெளிய வந்துரும், அந்த வழி உங்களுக்கு ஆகாது. தென் அமெரிக்காவோட கோபா லிபர்டடோரஸ் கப்பைப் பாருங்க. பெரு நாட்டுல லிமாவுல கமுஸோங்கற நகைக்கடைல, அல்பெர்டோ டி கஸ்பெரிங்கற இத்தாலியில பொறந்தவரு வடிவமைச்சது, 92.5 வெள்ளி, மேல நிக்கற ப்ளேயர் பொம்மை மட்டும் வெண்கலம். அதுக்கு அடியில மரப் பீடம், ஜெயிச்ச ஒவ்வொரு க்ளப்புக்கும் ஒரு சின்ன உலோக பேட்ஜ் அதுல அடிச்சிருப்பாங்க. அங்கயும் தொடர்ந்து மூணு தடவை ஜெயிச்சா கப்பு சொந்தம், எஸ்டுடியான்டஸ் 1970லயும் இன்டிபென்டியன்டே 1974லயும் அப்படிக் கொண்டு போனாங்க. இப்ப இருக்கற கப்புல பாதி அழகே அந்தப் பீடம்தான், எந்த ஊரு, எந்த வருஷம்னு சுத்திச் சுத்திப் படிக்கலாம். நீங்க காதை ஐரோப்பாலருந்து எடுத்துக்கங்க, பீடத்தை தென் அமெரிக்காலருந்து எடுத்துக்கங்க. மலைல சில்வர் ஓக் கிடைக்குது, அது இளகுன மரம், வேணாம், தேக்கோ ஈட்டியோ நல்லா காய்ஞ்சதா ஒரு துண்டு வாங்கி எட்டுப் பட்டையா கடைஞ்சு வைங்க. வருஷத்துக்கு ஒரு வெள்ளித் தகடு, ரெண்டு கிராம் மூணு கிராம் போதும், டீம் பேரு வருஷம் வெட்டி ரெண்டு குட்டி ஆணில அடிச்சிரலாம். அதை மட்டும் அசல் வெள்ளில பண்ணுங்க.

பீடத்துல கப்பை ஒட்ட வைக்காதீங்க, நடுவுல ஒரு போல்ட்டு விட்டு கழட்டற மாதிரி வைங்க, ஜெயிச்ச டீமுக்குக் கப்பை மட்டும் குடுத்துட்டு பீடத்தை நீங்களே வச்சுக்கலாம். அப்ப கப்பு எங்க போயி என்ன ஆனாலும் பேரு போகாது. கப்பு படம், உயரம், காது எவ்ளோ அகலம் வேணும்னு ஒரு பேப்பர்ல முழு சைஸ்ல வரைஞ்சுக்கிட்டுப் பட்டறைக்குப் போங்க, மொபைல்ல படம் காட்டுனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ரேட்டு சொல்வாங்க. கூலி பேசும்போது காது ஜாயிண்ட் விட்டுப் போனா எத்தனை வருஷம் வரைக்கும் சும்மா பத்த வச்சுத் தருவீங்கன்னு கேளுங்க.